கில்டு வார்ஸ் 2: எந்த எக்ஸ்பான்ஷனை வாங்குவது, எதில் முதலில் இறங்குவது?

கில்டு வார்ஸ் 2-ஐக் காசு கொடுக்காமலே தொடங்கலாம். 2012 ஆகஸ்ட் 28-ல் விலைக்கு வந்த ஆன்லைன் ஆட்டம் இது. 2015-ல் அடிப்படைப் பகுதியை மட்டும் இலவசமாக்கினார்கள். மாதச் சந்தா அன்றும் இல்லை, இன்றும் இல்லை. ஒரு மனிதக் கேரக்டரை உருவாக்கி, குவீன்ஸ்டேல் பண்ணையில் சோளத்துக்குத் தண்ணீர் ஊற்றி, புழுப் புற்றுகளை மிதித்து, மாட்டுக்குத் தீனி போட்டு, அப்படியே ஊர் ஊராக நகர்ந்து 80-ஆவது லெவலுக்குப் போய்ச் சேர நல்ல பொழுது பிடிக்கும். அங்கே போனதும்தான் கேள்வி எழுகிறது. கடையில் ஆறு எக்ஸ்பான்ஷன்கள், அதாவது தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டிய கூடுதல் பகுதிகள், வரிசையாக நிற்கின்றன. ஹார்ட் ஆஃப் தார்ன்ஸ், பாத் ஆஃப் ஃபயர், எண்ட் ஆஃப் டிராகன்ஸ், சீக்ரெட்ஸ் ஆஃப் தி அப்ஸ்க்யூர், ஜான்திர் வைல்ட்ஸ், கடைசியாக 2025 அக்டோபரில் வந்த விஷன்ஸ் ஆஃப் எடர்னிட்டி. எதில் கை வைப்பது?

கதை வரிசைப்படி போ என்பார் ஒருவர். ஸ்கைஸ்கேல் என்ற பறக்கும் டிராகன் எதில் சீக்கிரம் கிடைக்கிறதோ அதை வாங்கு என்பார் இன்னொருவர். இப்போது அதிகம் காதில் விழுவது இரண்டாவது யோசனைதான். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நான் ரெய்டு என்ற கடினமான குழுச் சண்டைக்கோ, பிவிபி என்ற ஆளோடு ஆள் மோதும் சண்டைக்கோ போகிற ஆள் அல்ல. மேப்பைத் திறந்து, கண்ணில் பட்ட பக்கம் நடந்து, வழியில் எது வெடிக்கிறதோ அதில் கலந்துகொள்கிற ஆள். அப்படிப்பட்டவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை. மற்றவர்களுக்குக் கணக்கு வேறு.

வரிசை என்ற கேள்வியே பல ஆன்லைன் ஆட்டங்களில் எழாது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் புது எக்ஸ்பான்ஷன் வந்தால் லெவல் உச்சம் ஏறும். நேற்று வரை உயிரைக் கொடுத்துச் சேர்த்த கியர் (ஆயுதமும் கவசமும்) இன்று குப்பை. பழைய கண்டங்கள் லெவல் ஏற்றும் நேரத்தில் ஓடிக் கடக்கிற பாதைகளாகிவிடும். அதனால் அங்கே எல்லோரும் கடைசியாக வந்ததற்குத்தான் போவார்கள். வேறு எங்கும் ஆள் இருக்காது. கில்டு வார்ஸ் 2-ல் 80 என்பது 2012-லேயே போட்ட கோடு, இன்னும் நகரவில்லை. அதே ஆண்டு நவம்பரில் வந்த அசென்டட் என்ற தரத்துக் கியர்தான் இன்றைக்கும் பலத்தில் உச்சம். அதற்கு மேலே இருக்கும் லெஜண்டரியும் பலத்தில் அதற்குச் சமம்தான், வசதி மட்டுமே கூடுதல். தாழ்ந்த லெவல் மேப்புக்கு, அதாவது நிலப்பகுதிக்கு, போனால் உங்கள் லெவலும் தானாக இறங்கிவிடும். விளைவு என்னவென்றால், பத்து வருடப் பழைய மேப்பிலும் இன்றைக்குக் கூட்டம் சேர்கிறது, அங்கே கிடைக்கிற பரிசுக்கும் மதிப்பு இருக்கிறது. எந்த எக்ஸ்பான்ஷனும் காலாவதியாகவில்லை. அதனால்தான் தேர்வு செய்ய வேண்டியிருக்கிறது.

என் அளவுகோல் இரண்டே கேள்விகள். அந்த மேப்பில் எப்படி நகர்கிறோம்? பக்கத்தில் நிற்கிற முகம் தெரியாத ஆள் நமக்கு எதற்குத் தேவைப்படுகிறார்? கதை, கிராஃபிக்ஸ், இசை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இரண்டாவது கேள்விக்கு இந்த ஆட்டத்திலேயே சிறந்த பதில் ஹார்ட் ஆஃப் தார்ன்ஸ். 2015 அக்டோபர் 23-ல் வந்தது. நான்கே மேப்: வெர்டன்ட் பிரிங்க், ஆரிக் பேசின், டாங்கிள்ட் டெப்த்ஸ், டிராகன்ஸ் ஸ்டாண்ட். எண்ணிக்கையைப் பார்த்து அப்போதே பலர் முகம் சுளித்தார்கள். ஆனால் ஒவ்வொரு மேப்பும் மாடி மாடியாகக் கட்டியது. வெர்டன்ட் பிரிங்கில் மரக் கிளைகளுக்கு நடுவே உடைந்த ஆகாயக் கப்பல்கள் தொங்குகின்றன. அதற்குக் கீழே காட்டுத் தரை, அதற்கும் கீழே வேர்களின் இருட்டு. மேப்பில் இரண்டு அங்குலம் தள்ளித் தெரிகிற இடம் உண்மையில் தலைக்கு மேலே இருக்கும், அல்லது காலுக்குக் கீழே. பகலில் கப்பலில் இருந்து தப்பியவர்களின் முகாம்களைக் காப்பாற்ற வேண்டும். இருட்டியதும் காடு முழுக்க எதிரிகள் கொட்டுவார்கள். இரவு முடிகிற நேரத்தில் மேலே ஏறி பாஸ் என்ற பெரிய எதிரிகளை அடிக்க வேண்டும்.

முதல் சில நாட்கள் கஷ்டம். பாக்கெட் ராப்டர் என்று முழங்கால் உயரத்துக்குக் குட்டி டைனோசர்க் கூட்டம் ஒன்று உண்டு. பார்த்தால் சிரிப்பு வரும். இரண்டு நொடியில் ஆளைக் கீழே சாய்த்துவிடும். அடிப்படை மேப்களில் கண்ணை மூடிக்கொண்டு ஒரே பட்டனை அழுத்திப் பழகியவர்கள் இங்கே வந்துதான் டாட்ஜ் (அடியிலிருந்து உருண்டு விலகுவது) என்றால் என்ன என்று கற்றுக்கொள்வார்கள். அந்தந்த எக்ஸ்பான்ஷனின் எலீட் ஸ்பெஷலைசேஷனை, அதாவது கேரக்டருக்குப் புதுச் சண்டை முறை தருகிற தேர்ச்சியை, முழுதாகத் திறக்க 250 ஹீரோ பாயின்ட் வேண்டும். வெளியான புதிதில் 400 கேட்டார்கள். எழுந்த கூச்சலில் சீக்கிரமே குறைத்தார்கள். காட்டில் ஒரு ஹீரோ சேலஞ்சுக்கு 10 பாயின்ட். ஆனால் அதில் பல, ஒற்றை ஆள் தொட்டால் செத்துப்போகிற சாம்பியன் என்ற பலத்த எதிரிகள். அங்கேதான் ஆட்டத்தின் குணம் தெரிகிறது. மேப் சாட்டில் ஓர் உதவி வார்த்தை போட்டால் யாராவது வந்துவிடுவார்கள். வருகிறவருக்கு நஷ்டம் இல்லை. அடித்த ஒவ்வொருவருக்கும் தனித்தனி லூட் (கிடைக்கும் பொருள்), தனித்தனி எக்ஸ்பி (அனுபவப் புள்ளி). தோண்டி எடுக்கிற தாதுக்கூட அவரவருக்கு என்று தனி. யாரும் யாருடையதையும் பிடுங்க முடியாத உலகத்தில் அந்நியர் வந்தாலே சந்தோஷம்தான்.

இதன் உச்சம் ஆரிக் பேசினில் இருக்கும் டாரிர். பொன்னால் ஆன நகரம், நான்கு திசையிலும் வாசல். ஒவ்வொரு வாசலிலும் ஆக்டோவைன் என்ற ஒரு கொடி அரக்கன் முளைக்கிறது. நான்கையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வீழ்த்த வேண்டும். ஒன்று மட்டும் முந்திச் செத்தால், மற்றவை குறித்த நேரத்துக்குள் விழாவிட்டால், செத்தது மறுபடி முளைத்துவிடும். தேர் வடம் இழுக்கிற மாதிரிதான்: ஒரு பக்கம் மட்டும் வேகமாக இழுத்தால் தேர் கோணிக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு வாசலிலும் ஒரு கமாண்டர் தலைக்கு மேல் டேக் போட்டுக்கொண்டு நிற்பார். கவசத்தை உடைக்கிற வழி வாசலுக்கு வாசல் வேறு. சாட்டில் வரிகள் ஓடும்: வடக்கு 40 சதம், கிழக்கு 15 சதம், கிழக்கே அடிப்பதை நிறுத்து, மேற்குக்கு இரண்டு பேர் ஓடு. நிறுத்து என்றதும் முப்பது பேர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்க வேண்டும்! ஒருவருக்கொருவர் பெயர் தெரியாது, பாதிப் பேருக்கு மொழியும் ஒத்துவராது. ஒரே ஒரு அவசரக்காரர் மட்டும் எப்போதும் அடித்துக்கொண்டே இருப்பார், அவரை எல்லோரும் திட்டுவார்கள். நான்கும் விழுந்ததும் நகரத்தின் அடியில் உள்ள அறை திறக்கும். வந்த கூட்டம் அப்படியே உள்ளே பாய்ந்து பெட்டி பெட்டியாகத் திறந்துகொண்டு ஓடும். இதை எத்தனை முறை செய்தாலும் எனக்கு அலுக்கவில்லை. பத்து ஆண்டு பழைய நிகழ்ச்சிக்கு இன்றும் மேப் நிரம்புகிறது என்றால், எனக்கு மட்டும் அலுக்காமல் இல்லை.

டிராகன்ஸ் ஸ்டாண்ட் இன்னும் ஒரு படி மேலே. மேப் முழுவதுமே ஒரே போர், மூன்று பாதையாகப் பிரிந்து முன்னேற வேண்டும், முடிவில் மோர்ட்ரெமத் என்ற காட்டு டிராகனின் வாய். ஆரம்பத்திலேயே உள்ளே இருந்தால்தான் சுகம், அரைகுறையாக நுழைந்தால் ஒன்றும் புரியாது. வீட்டில் கூப்பிட்டால் எழுந்து போக முடியாத மேப். டாங்கிள்ட் டெப்த்ஸை மட்டும் நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். சுரங்கத்துக்குள் சுரங்கம். அழகுதான், ஆனால் போக வேண்டிய இடத்துக்கு நேராகப் போன நாளே கிடையாது.

அடுத்து பாத் ஆஃப் ஃபயர், 2017 செப்டம்பர் 22. இது முதல் கேள்வியின் எக்ஸ்பான்ஷன், எப்படி நகர்கிறோம் என்பது. ஐந்து பாலைவன மேப்களும் மவுன்ட்களும், அதாவது ஏறிச் செல்லும் விலங்குகளும். மற்ற ஆட்டங்களில் மவுன்ட் என்றால் வேகம் கூட்டுகிற ஒரு பொம்மை. குதிரையோ புலியோ, எல்லாம் ஒன்றுபோலத்தான் ஓடும். இங்கே ஒவ்வொன்றுக்கும் ஒரு உடம்பு இருக்கிறது. ராப்டர் பள்ளத்தாக்கைத் தாண்டி நீளமாகப் பாயும், ஆனால் சட்டென்று திரும்பாது. முழு வேகத்தில் திருப்பினால் கால் சறுக்கிக்கொண்டு வளைந்து போகும். ஸ்பிரிங்கர் என்பது கொழுத்த முயல் மாதிரி ஒன்று. ஸ்பேஸ் பாரை அழுத்திப் பிடித்தால் உடம்பைச் சுருக்கி உட்காரும், விட்டால் செங்குத்தாக மேலே எகிறும். எவ்வளவு நேரம் பிடிக்கிறோமோ அவ்வளவு உயரம். பாறையின் விளிம்பு ஒரு சாண் மேலே இருக்கும்போது, இன்னும் அரை நொடி பிடித்திருக்கலாமே என்று விரலைத் திட்டிக்கொள்வோம். ஸ்கிம்மர் தண்ணீர்மேலும் புதைமணல்மேலும் மிதக்கும். ஜாக்கால் மணலில் கரைந்து சில அடி தள்ளி முளைக்கும். அதற்கென்றே மணல் வாசல்கள் உண்டு. கதை முடித்தவர்களுக்கு கிரிஃபன் என்ற சிறகுள்ள மவுன்ட். அதைப் பெற மொத்தம் 250 கோல்டு வேண்டும். புது ஆளுக்கு அது பெரிய தொகை. அவசரம் இல்லை, விட்டுவிடலாம்.

மவுன்ட் ஒவ்வொன்றும் கதை நகர நகர ஒவ்வொரு மேப்பில் கிடைக்கிறது. ராப்டர் முதல் மேப்பான கிரிஸ்டல் ஓயாசிஸில், ஸ்பிரிங்கர் டெசர்ட் ஹைலேண்ட்ஸில், ஸ்கிம்மர் எலோன் ரிவர்லேண்ட்ஸில், ஜாக்கால் டெசலேஷனில். நேற்று ஏற முடியாமல் அண்ணாந்து பார்த்த மலை இன்று இரண்டு தாவலில் கீழே கிடக்கும். திறந்த உலகத்தில் வளர்ச்சி என்றால் எனக்கு இதுதான். தாக்கும் பலத்தில் ஒரு எண் கூடுவதால் இப்படி ஒரு திருப்தி வராது.

ஆனால் பாலைவனம் தனிமையானது. மவுன்ட்டுக்காக மேப்களைப் பெரிதாக விரித்துவிட்டார்கள். மேப் முழுவதையும் கட்டியிழுக்கிற டாரிர் மாதிரி நிகழ்ச்சி இங்கே இல்லை. அங்கங்கே சிறு நிகழ்ச்சிகளும் பவுண்டி (தலைக்கு விலை வைத்த எதிரி) வேட்டையும்தான். ஹீரோ பாயின்ட்டையும் பெரும்பாலும் ஒற்றை ஆளாகவே எடுத்துவிடலாம். அது வசதிதான். அதே காரணத்தால் யாரிடமும் பேச வேண்டிய அவசியமும் வருவதில்லை. பாலைவன மேப்களில் ஒன்றான வாபியின் அரண்மனைக் கூரையில் ஸ்பிரிங்கரோடு தனியாக உட்கார்ந்திருக்க ஆசைப்படுபவர்களுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. ஆள் அரவம் தேடுபவர்களுக்கு வாபி ஒரு வாரத்தில் சலித்துவிடும்.

ஒன்று கூட்டத்துக்கு, ஒன்று பயணத்துக்கு. எதை வாங்குவது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்: பாத் ஆஃப் ஃபயரை வாங்கினால் ஹார்ட் ஆஃப் தார்ன்ஸ் அதோடு சேர்ந்தே வருகிறது. ஆகவே கேள்வி விலையைப் பற்றியது அல்ல, வரிசையைப் பற்றியது. என் பதில்: முதலில் பாலைவனத்துக்குப் போய் ராப்டரையும் ஸ்பிரிங்கரையும் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். கதையை அங்கேயே நிறுத்திவிட்டுக் காட்டுக்குத் திரும்புங்கள். கிளைடர் சிறகை விரித்து, காளான்மேல் குதித்து எகிறி, ஸ்பிரிங்கரால் ஏற முடிந்த இடத்துக்கு ஏறி அந்த நான்கு மேப்பையும் பழகுங்கள். கிளைடிங், காளான் போன்ற காட்டு மாஸ்டரிகளுக்கான (படிப்படியாகத் திறக்கும் திறன்களுக்கான) எக்ஸ்பி காட்டு மேப்களில்தான் சேரும். அதனால் எப்படியும் அங்கே நாட்களைச் செலவிட்டுத்தான் ஆக வேண்டும். அதை மவுன்ட் அறவே இல்லாமல் செய்வது வீண் தவம். இரண்டு மவுன்ட் போதும், காடு இன்னும் காடாகவே இருக்கும்.

ஸ்கைஸ்கேலோடு போனால் அது காடாக இருக்காது. எனக்கும் பொது யோசனைக்கும் வழி பிரிகிற இடம் இதுதான். ஸ்கைஸ்கேல் 2019-ல், லிவிங் வேர்ல்ட் என்ற தொடர்கதை அப்டேட்டுகளின் 4-ஆவது சீசன் கடைசியில் வந்தபோது, அதை அடைய நீளமான சேகரிப்பு வேலை இருந்தது. குஞ்சு பொரித்து, தீனி போட்டு, நாள் கணக்கில் காத்திருந்து வளர்க்க வேண்டும். காத்திருப்பைக் குறைக்கச் சொல்லி எழுந்த குரலுக்கு ஆட்டத்தை உருவாக்கிய ஏரினாநெட்டே கொஞ்சம் இறங்கிவர வேண்டியிருந்தது. 2023-ல் சீக்ரெட்ஸ் ஆஃப் தி அப்ஸ்க்யூர் அதே மிருகத்தைக் கதையின் தொடக்கத்திலேயே கையில் கொடுத்துவிட்டது. அதனால்தான் புது ஆட்களிடம் அதை முதலில் வாங்கு என்கிறார்கள். சௌகரியம் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் சுவரைப் பற்றி ஏறவும், எட்டுத் திக்கும் மிதக்கவும் முடிந்தவருக்கு வெர்டன்ட் பிரிங்கின் மூன்று மாடியும் ஒன்றுதான். கிளைக்கும் வேருக்கும் நடுவே வழி தேடித் திண்டாடுவதுதான் அந்த மேப்பே. திண்டாட்டத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது மேலிருந்து பார்க்கிற பச்சைக் கூரை.

இது இந்த ஆட்டத்துக்கு மட்டும் வந்த தகராறு அல்ல. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் 2007-ல் தி பர்னிங் க்ரூசேடில் பறப்பதைக் கொடுத்தது. 2010-ல் கேட்டக்ளிஸம் பழைய உலகத்தையே இடித்துக் கட்டியபோது அங்கேயும் பறக்கவிட்டது. பிறகு 2014-ல் வார்லார்ட்ஸ் ஆஃப் ட்ரேனாரில் பறப்பதை நிறுத்திப் பார்த்தார்கள். 2015 மே மாதம், இனி அங்கே பறப்பது இல்லை என்று சொன்னார்கள். எதிர்ப்பு வெடித்ததும் சில வாரங்களிலேயே பின்வாங்கி, மேப்பைச் சுற்றி முடித்தவர்களுக்குப் பறக்கும் உரிமை என்று ஒரு சாதனைப் பட்டியலைக் கட்டினார்கள். பறப்பதை ஒருமுறை கொடுத்தால் திரும்ப வாங்க முடியாது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டாம். 2022-ல் டிராகன்ஃப்ளைட் கண்டுபிடித்த வழி புத்திசாலித்தனமானது: பறப்பதையே வேகமும் சரிவும் பார்த்து ஓட்ட வேண்டிய விளையாட்டாக மாற்றியது. அந்த எக்ஸ்பான்ஷனில் ஓனாரன் சமவெளிமேல் சிறகை மடக்கிப் பாய்வது ஒன்றுக்காகவே ஒரு மாதச் சந்தா கட்டலாம். ஆனால் மாதா மாதம் 14.99 டாலர் கட்டிக்கொண்டு, வாரத்தில் இரண்டு மாலை மட்டும் ஆடுகிறவருக்கு அந்தக் கணக்கு உதைக்கும்.

மூன்றாவதாக எதை வாங்குவது? எண்ட் ஆஃப் டிராகன்ஸ், 2022 பிப்ரவரி 28. கான்தா என்ற கிழக்கு நாடு. நியூ கைனெங் நகரத்தில் மாடிமேல் மாடி, கயிற்றில் தொங்கிப் போகிற வழிகள், ஜேட் கல்லில் ஓடுகிற இயந்திரங்கள். மீன்பிடித்தலும் ஸ்கிஃப் படகும் இதில்தான் வந்தன. யாரோ ஒருவர் படகை நிறுத்தினால், அதில் சிலர் ஏறித் தூண்டில் போட்டுக்கொண்டு அரட்டை அடிப்பார்கள். சண்டையே இல்லாமல் ஒரு மாலை போய்விடும். சீஜ் டர்ட்டில் இருவர் ஏறும் ஆமை. ஒருவர் ஓட்ட, ஒருவர் பீரங்கி சுட வேண்டும். நண்பரோ, வீட்டில் இன்னொருவரோ சேர்ந்து ஆடுவதானால் இதுதான் என் சிபாரிசு. டிராகன்ஸ் எண்ட் மேப்பின் கடைசிச் சண்டை மட்டும் பொல்லாதது. வெளியான புதிதில் சூ-வான் டிராகனிடம் மேப் மேப்பாகத் தோற்றார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் தயார் செய்துவிட்டுக் கடைசி நிமிடத்தில் நேரம் தீர்ந்துபோவதைப் போன்ற எரிச்சல் வேறில்லை. பிறகு தளர்த்தினார்கள். இப்போது ஒழுங்கான கமாண்டர் இருந்தால் முடியும்.

2023-க்குப் பின் வந்தவை வேறு வகை. ஏரினாநெட் பெரிய எக்ஸ்பான்ஷனை விட்டுவிட்டு, ஆண்டுக்கு ஒன்று, சிறியது, மீதி மேப்கள் பிற்பாடு அப்டேட்டாக என்ற முறைக்கு மாறியது. சீக்ரெட்ஸ் ஆஃப் தி அப்ஸ்க்யூர் வந்த அன்று இரண்டு மேப்தான். ஸ்கைவாட்ச், வானத்தில் மிதக்கும் தீவுகள். பறந்து போகவே வரைந்த மேப், அதனால் அங்கே ஸ்கைஸ்கேல் உறுத்தவில்லை. ரெய்டு வாசலை மிதிக்காமலே லெஜண்டரி கவசம் சேர்க்க ஒரு வழியைத் திறந்ததும் இதுதான். என்னைப் போன்ற ஊர்சுற்றிகளுக்கு அது பெரிய விஷயம். ஆனால் அதற்கு ரிஃப்ட் என்ற ஒரே வேலையைச் சலிக்கச் சலிக்கச் செய்ய வேண்டும். புது எலீட் ஸ்பெஷலைசேஷனும் இதில் கிடையாது. 2024-ன் ஜான்திர் வைல்ட்ஸிலும் அதேதான். அதன் பெரிய பொருள் ஹோம்ஸ்டெட், சொந்தமாக ஒரு வீடு. அலங்கரிப்பதில் ஆசை இருந்தால் நாள் போவதே தெரியாது, இல்லாவிட்டால் அந்தப் பக்கமே போக மாட்டீர்கள். லோலேண்ட் ஷோரின் கடலோரக் காடு மட்டும் எனக்குப் பிடித்தது. பரபரப்பு இல்லாமல் நடக்கிற மேப். விஷன்ஸ் ஆஃப் எடர்னிட்டி காஸ்டோரா தீவுக்குப் போகிறது, ஒன்பது எலீட் ஸ்பெஷலைசேஷன்களோடு. புதியவர் இப்போதே அதற்குப் பறக்க வேண்டியதில்லை. இந்த ஆட்டத்தில் காத்திருப்பவருக்கு நஷ்டம் கிடையாது.

கதைதான் முக்கியம், கூட்டம் பிடிக்காது என்றால் இந்த ஆட்டம் வேண்டுமா என்றே யோசித்துப் பாருங்கள். தி எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன் 2016-ல் ஒன் டாம்ரியல் அப்டேட்டுக்குப் பிறகு எந்த மேப்பிலிருந்தும் தொடங்க விடுகிறது. சாலையோரக் கிழவி தரும் சின்ன வேலைக்குக்கூட குரல் நடிப்பு உண்டு. வீடு புகுந்து திருடலாம், மாட்டினால் காவலர் துரத்துவார். ஆனால் வெளி உலகச் சண்டை அங்கே பஞ்சு மெத்தை. பெரிய வில்லன் வசனம் முடிக்கும் முன்னே செத்துவிடுவான். கில்டு வார்ஸ் 2-ன் கதை எல்டர் ஸ்க்ரோல்ஸ் அளவுக்கு இழுத்துப் பிடிக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்பான்ஷன்களுக்கு நடுவே கதையின் பெரும் பங்கு லிவிங் வேர்ல்ட் சீசன்களில் நடக்கிறது. வெளியான சமயத்தில் உள்நுழைந்தவர்களுக்கு அவை இலவசம், பின்னால் வந்தவர்கள் பெரும்பாலும் ஜெம் (ஆட்டத்தின் கடைப் பணம்) கொடுத்துத் திறக்க வேண்டும். பாத் ஆஃப் ஃபயரை முடித்து நேராக கான்தாவுக்குப் போனால், யார் செத்தார், இந்த டிராகன் ஏன் நம் பக்கம் நிற்கிறது என்று தலை சுற்றும். ஜெம்மை ஆட்டத்துக்குள்ளேயே கோல்டு கொடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்பது ஆறுதல். டாரிர் மாதிரி பெரிய கூட்டு நிகழ்ச்சிகளைச் செய்து வந்தால் ஒவ்வொரு எபிசோடாகத் திறந்துவிடலாம். மேப்புக்காக மட்டும் என்றால் 4-ஆவது சீசனின் டிராகன்ஃபாலும், அதற்கடுத்து வந்த ஐஸ்புரூட் சாகாவின் டிரிஸில்வுட் கோஸ்டும் போதும். டிரிஸில்வுட்டில் கடற்கரையோரம் கோட்டை கோட்டையாகப் பிடித்துக்கொண்டு வடக்கே ஏறுகிற போர், ஆரிக் பேசினுக்கு நிகராக நான் சொல்லக்கூடிய ஒன்றே ஒன்று.

இனி நடைமுறை. நாம் சேரக்கூடிய சர்வர் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் மட்டும்தான் இருக்கிறது. சென்னையிலோ கொழும்பிலோ இருந்து ஆடினால் ஐரோப்பாவைத் தேர்ந்தெடுங்கள். பிங் (சர்வர் பதில் தரப் பிடிக்கும் நேரம்) குறைவு என்பது ஒரு காரணம், ஆள் நடமாட்டம் இன்னொன்று. நமக்கு இரவு 9 மணி என்றால் ஜெர்மனியில் மாலை 4.30 அல்லது 5.30, அலுவலகம், பள்ளி விட்டு வந்தவர்கள் ஆட்டத்தைத் திறக்கிற நேரம். அமெரிக்கக் கூட்டத்தின் இரவு நமக்கு விடிகாலை. சீக்கிரம் எழுகிறவர்களுக்கு அதுவும் ஒத்துவரும், ஆனால் பிங் பழிவாங்கும். தினசரி வேலைப் பட்டியல் புதுப்பிக்கப்படுவது நம் நேரப்படி காலை 5.30-க்கு.

ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் கணக்கு தொடங்கினால் எக்ஸ்பான்ஷனையும் ஸ்டீமிலேயேதான் வாங்க வேண்டும், ஏரினாநெட் கணக்கோடு பிற்பாடு இணைக்க முடியாது. இதை முதல் நாளே முடிவு செய்துகொள்ளுங்கள். முழு விலை கொடுக்கவும் வேண்டாம், தள்ளுபடி அடிக்கடி வரும். எக்ஸ்பான்ஷனோடு லெவல் 80-க்கு ஒரே தாவலில் ஏற்றிவிடுகிற பூஸ்ட் ஒன்று கொடுப்பார்கள். முதல் கேரக்டருக்கு அதைச் செலவழித்தால் பாக்கெட் ராப்டர்கள் பாடம் எடுக்கும். இரண்டாவது கேரக்டருக்கு வையுங்கள்.

பழைய கணினி என்றால் கிராஃபிக்ஸ் செட்டிங்கில் கேரக்டர் மாடல் லிமிட்டை அடியோடு குறைத்துவிடுங்கள். ஆக்டோவைன் முன்னால் அறுபது பேர் மந்திரம் வீசும்போது திரை உறையாமல் இருக்க அதுதான் வழி. டாரிர் சண்டை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, நம் நேரப்படி இரவு 8.30-க்கும் 10.30-க்கும் வருகிறது. கால் மணி முன்னதாகவே உள்ளே போய், சாட்டில் எந்த வாசலுக்கு ஆள் போதவில்லை என்கிறார்களோ அந்த வாசலில் நில்லுங்கள். நிறுத்து என்றால் நிறுத்துங்கள்.